நின்ற இதயமும் மின்பொறியாளர்களும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எலெக்ட்ரிகல் படிச்சவனுக்கு இதயத்தைப் பத்தி என்ன பேச்சு?" என்று என் வகுப்புத் தோழர்கள் வாசலிலேயே கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் பேசப் போகிற வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர்களில் மூத்தவர் நம்ம துறைக்காரர்.

அவர் பெயர் வில்லியம் கௌவன்ஹோவன். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியர். லைன்மேன்கள் ஷாக் அடித்துச் சாவதைத் தடுக்க வழி தேடி, 1920-களின் கடைசியில் மின்சாரக் கம்பெனிக்காரர்களே இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தார்கள். ஷாக் அடித்தால் இதயம் பல சமயம் சட்டென்று ஓய்ந்துவிடுவதில்லை. ஒன்றாகச் சுருங்க வேண்டிய தசைநார்கள் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் துடிக்கின்றன. துடிப்பு உண்டு, ஆனால் ரத்தம் நகராது. மாரடைப்பு வந்தவருக்கும் திடீரென இதயம் இப்படி ஆகிவிடலாம். இதற்கு மாற்று, இன்னொரு பலமான ஷாக். எல்லாவற்றையும் ஒரு கணம் நிறுத்தினால் இதயம் தன் தாளத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். நாம் மெயினை ஆஃப் செய்து ஆன் செய்கிறோமே, அந்த மாதிரி.

அவருடைய ஆய்வகத்தில் வேலை செய்த இளம் பொறியாளர் கை நிக்கர்பாக்கர். (பெயரே கை! பொருத்தத்தைப் பாருங்கள்.) 1958-ல் நாய்களை வைத்துச் சோதனை செய்தபோது, கனமான மின்தகடுகளை மார்பில் வைத்து அழுத்தியவுடனே, ஷாக் கொடுப்பதற்கு முன்பே, ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதைக் கவனித்தார். வேறொருவராக இருந்தால் மீட்டர் கோளாறு என்று விட்டிருப்பார். அதுவரை நின்ற இதயத்தை இயக்க, மார்பைப் பிளந்து கையை உள்ளே விட்டுப் பிசைவதுதான் டாக்டர்களின் வழக்கம். வெளியிலிருந்து அழுத்தினாலே ரத்தம் ஓடுமா? ஜேம்ஸ் ஜூட் என்ற அறுவை மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு சோதித்து, 1960-ல் கட்டுரை வெளியிட்டார்கள். 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்தார்கள். அது ஆஸ்பத்திரிக்குள் நடந்தது. தெருவில் விழுகிறவருக்கு இந்தக் கணக்கு வராது.

தெரு என்றதும் நம்ம ஆரணிக்கு வருகிறேன். என் பெரியப்பா பட்டு நெசவாளி. சில வருஷத்துக்கு முன்பு குழித்தறியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். சோடா வாங்க ஒருத்தர் ஓடினார், ஆட்டோ பிடிக்க ஒருத்தர் ஓடினார். "மூச்சு இழுக்குது, உயிர் இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். இதயம் நின்ற பிறகும் சில நிமிஷம் வாய் திறந்து அப்படி இழுக்கும். அது மூச்சே அல்ல. தெருவே அன்போடுதான் ஓடியது. ஆனால் மார்பை அழுத்தத் தெரிந்தவர் அங்கே ஒருத்தர்கூட இல்லை. அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்.

ரத்தம் நின்ற நாலைந்து நிமிஷத்தில் மூளை கெட ஆரம்பிக்கிறது. வேலூர் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். 2008 முதல் நமக்கு 108 இருக்கிறது, நல்லது. ஆனாலும் வண்டி வந்து சேரும் வரை அந்த உயிர் பக்கத்தில் இருப்பவர் கையில்தான். நம் நாட்டில் ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நிற்கும் நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட அந்தக் கை கிடைப்பதில்லை.

வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமே என்ற தயக்கமும் ஒரு காரணம். 2010-ல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள், ஒன்று ஸ்வீடனில் நடந்தது, இன்னொன்று சியாட்டில், லண்டன் பக்கம். போனிலேயே சொல்லிக்கொடுத்துச் செய்ய வைத்தபோது, பெரியவர்களுக்கு அழுத்துவது மட்டும் செய்தாலும், ஊதுவதையும் சேர்த்துச் செய்தாலும், பிழைத்தவர் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. நம் நாட்டு மயக்கவியல் மருத்துவர்களும் 2017-ல் பொதுமக்களுக்காக 'அழுத்தம் மட்டும்' என்ற முறையையே வகுத்துக் கொடுத்தார்கள். தண்ணீரில் மூழ்கியவருக்கும் குழந்தைக்கும் மட்டும் ஊதுவதும் அவசியம்.

செய்முறை இதுதான். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, சரியான மூச்சில்லை என்றால் 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள். ஷாக் அடித்தவர் என்றால் முதலில் மெயினை அணையுங்கள், விசைத்தறி ஓடும் வீடுகளில் இது முக்கியம். ஆளைக் கட்டிலில் வேண்டாம், கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பாகம், அதன்மேல் மறு கை, முழங்கை மடங்கக் கூடாது. 5 சென்டிமீட்டர் ஆழம், 6-ஐத் தாண்ட வேண்டாம். நிமிஷத்துக்கு 120, அதாவது நொடிக்கு இரண்டு.

அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை முழுசாக மேலே விட்டால்தான் அடுத்த அடிக்குத் தண்ணீர் ஏறும். மார்பும் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் முழுசாக எழும்ப விட வேண்டும். முதல் சில அடிக்குத் தண்ணீர் வராது, நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. இங்கேயும் பல முறை அழுத்திய பிறகே ரத்த அழுத்தம் ஏறுகிறது, கை எடுத்ததும் சரிந்துவிடுகிறது. அதனால்தான் நிறுத்தாதீர்கள் என்கிறேன். கை ஓய்ந்தால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். விலா எலும்பு முறியலாம், பயப்பட வேண்டாம், அது கூடிவிடும்.

சங்கத்திடம் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு வருஷமும் இறுதியாண்டு மாணவர்களுக்கு இரண்டு மணி நேரம் இந்தப் பயிற்சி கொடுக்க வேண்டும். பயிற்சிப் பொம்மை வாங்கும் செலவை எங்கள் வகுப்பு ஏற்கிறது. இன்று இரவல் வாங்கி வந்த பொம்மை ஒன்று மெஷின்ஸ் லேபில் இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் அங்கே வாருங்கள், பேராசிரியர்களும்தான்.