லீ ஜே. காப்: கலைஞனும் சாட்சியும்



லீ ஜே. காப் கதாநாயகனாகப் பெயர் வாங்கியவர் அல்லர். ஆனால் ‘12 ஆங்ரி மென்’ படத்தில் ஹென்றி ஃபோண்டாவோடு கடைசிவரை மல்லுக்கட்டும் அந்த ஜூரி என்றால், படம் பார்த்தவர்களுக்குச் சட்டென்று முகம் தெரியும்.

கொலை வழக்கில் சிக்கிய பையன்மேல் குற்றமில்லை என்று மற்றப் பதினொரு பேரும் முடிவுக்கு வந்துவிட்டார்கள். இவர் ஒருவர்தான் பாக்கி. ஆத்திரத்தில் பர்ஸை மேசைமேல் எறிகிறார். அதிலிருந்து மகனோடு எடுத்த புகைப்படம் தலைநீட்டுகிறது. சண்டை போட்டுப் பிரிந்துபோன மகன். அந்தப் படத்தைத் தாறுமாறாகக் கிழிக்கிறார்; கிழித்த கையோடு உடைந்து அழுகிறார். குற்றமில்லை என்ற சொல் அழுகையோடுதான் வருகிறது. பையனை மின்சார நாற்காலிக்கு அனுப்பத் துடித்தவர்மேல் நமக்கு இரக்கம் பிறக்கிறதே, அது காப்பின் சாதனை!

இந்தத் தகப்பன் வேதனை அவருக்குப் புதிதல்ல. 1949இல் ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ பிராட்வேயில் அரங்கேறியபோது, அறுபதைத் தாண்டிய தகப்பன் வில்லி லோமனாக நின்ற காப்புக்கு வயது 37தான். இயக்கியவர் எலியா கசான்.

நண்பர்களே, இனி சொல்லப்போவது கசப்பானது. கம்யூனிஸ்டுகளைத் தேடி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழு கலைஞர்களைக் கூண்டில் ஏற்றிய காலம் அது. காப் முதலில் சாட்சி சொல்ல மறுத்தார். வேலை நின்றது, கடன் ஏறியது, மனைவி நோயில் விழுந்தார். 1953இல் பணிந்தார், கம்யூனிஸ்டுகளாக இருந்தவர்கள் என்று இருபது பேரின் பெயர்களைச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டே கசானும் பெயர் சொல்லியிருந்தார். 1954இல் கசானின் ‘ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்’ காப்புக்கு ஆஸ்கார் பரிந்துரை வாங்கித் தந்தது. 1956இல் அதே குழுவின் முன் நின்ற மில்லரோ, பிறர் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்.

பிறகு 1962 முதல் ‘தி வர்ஜீனியன்’ தொடரில் நீதிபதி கார்த்தாக வாராவாரம் வீடுகளுக்குள் வந்தார். 1966இல் தொலைக்காட்சிக்காக மீண்டும் வில்லி லோமன் ஆனார். 1973இல் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தின் துப்பறிவாளர். 1976இல் மறைந்தார்.

பசியும் பயமும் துரத்திய மனிதரை வசைபாட எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அவர் செய்தது தவறு. பெயர் சொல்லப்பட்டவர்களுக்கும் குடும்பம் இருந்தது, வயிறு இருந்தது. அடுத்த முறை நீங்கள் காப்பின் படத்தைத் திரையிடும்போது, அறிமுக உரையில் அவருடைய நடிப்பையும் சொல்லுங்கள், அந்த இருபது பேரையும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.