முனகும் ஃபேனுக்கு முதலில் வைத்தியம்!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! ‘மாற்று, மாற்று’ என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணிச் சகோதரி அவர்களே! பதினாறு திருக்கரங்களோடு நரசிம்மர் அருள்பாலிக்கிற கீழப்பாவூர்ப் பெருமக்களே!

வீட்டிலே ஃபேன் சத்தம் போட்டால் பழுது பார்ப்பதா, புதிதாக மாற்றுவதா? தூக்கிப் போடு என்கிறார் சகோதரி. அம்மா, சத்தம் போடுவதையெல்லாம் மாற்றுவதென்றால் எங்கள் வீட்டில் முதலில் என்னைத்தான் மாற்ற வேண்டும்! (சிரிப்பு)

சத்தம் குற்றமில்லை நடுவர் அவர்களே, அது முறையீடு. காது கொடுத்துக் கேளுங்கள். ‘டக் டக்’ என்றால் எங்கோ திருகு தளர்ந்திருக்கும். ‘கரகர’ என்றால் பேரிங் தேய்ந்திருக்கும். தலையை ஆட்டி ஆட்டிச் சுற்றினால் இறக்கை வளைந்திருக்கும். வேகத்தைக் குறைத்தால் மட்டும் ‘ம்ம்ம்’ என்கிறதா? கோளாறு பெரும்பாலும் சுவரிலே இருக்கிற ரெகுலேட்டரில். அதற்கு மேலே தொங்குகிறவனை ஏன் தண்டிக்கிறீர்கள்? (கைதட்டல்)

புதுசு வாங்கணும்னு குதிச்ச பேரனிடம் இந்தப் பக்கத்து ஆச்சி ஒருத்தி கேட்டாளாம்: “ஏல, எனக்கு முட்டு வலிச்சா தைலம் தேச்சு விடுத. காத்தாடிக்கு வலிச்சா மட்டும் காயலான் கடையா?”

சகோதரி கரண்ட் கணக்குச் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். பழைய ஃபேன் சுமார் 75 வாட், புதிய பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். தினம் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 27 யூனிட் மிச்சம். ஆனால் 2016 முதல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்குள்ளே அடங்குகிற ஏழை வீட்டுக்கு அந்த 27 யூனிட்டால் மிச்சமாகிற பணம் எவ்வளவு? சைபர்! (கைதட்டல்) அதுவும் ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் விழுந்தால், செங்கோட்டைக் கணவாய்க் காற்று இங்கே ஃபேனுக்கே லீவு கொடுத்துவிடும்!

இரவும் பகலும் ஓடுகிற கடையா? காயில் கருகிவிட்டதா? மாற்றுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் வீட்டு ஃபேன் விஷயம் வேறு.

அது தொங்குவது ஒரு போல்ட்டிலே. அந்தப் போல்ட் நழுவாமல் காப்பது ஒரு சின்ன ஸ்பிளிட் பின். ரப்பர் புஷ் தேய்ந்து, ஃபேன் ஆட ஆட, அந்தப் பின் ஒடிந்தால்? கீழே தொட்டிலில் குழந்தை! ‘மாற்றினால்தான் தீரும்’ என்று நீங்கள் சொன்னால், கூலி வேலைக்காரன் என்ன செய்வான்? மூவாயிரம் ரூபாய் சேருகிற வரைக்கும் அந்த ஆடுகிற ஃபேனுக்கு அடியிலேயே பிள்ளையைப் போட்டுப் படுப்பான். ‘பழுது பார்’ என்று சொல்லிப் பாருங்கள். சில நூறு ரூபாயோடு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, மெயினை அணைத்து, இன்றைக்கே ஏணி போடுவான்!

புதுசு என்பது நாளைய ஆசை. பழுது பார்ப்பது இன்றைய பாதுகாப்பு. ஆகவே பழுது பார்ப்பதே சிறந்தது என்று நல்ல தீர்ப்பு வழங்க நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.