படத்தில் மிதக்கும் வட்டங்கள்

யாழ்ப்பாணம் நல்லூர்க் கோயில் திருவிழாவில் இரவு எடுத்த படங்களைப் பாருங்கள். சாமிக்கு மேலே, சனத்துக்கு நடுவே வெள்ளை வெள்ளையாய் வட்டங்கள். ஆவி என்பார் சிலர், அருள் என்பார் சிலர். எல்லாம் புழுதிதான்! 25 நாளும் வெளிவீதி மணலில் எத்தனை ஆயிரம் கால்கள், எத்தனை பிரதட்டை! கிளம்பும் தூசு கமராவின் கண்ணுக்குச் சில அங்குலம் முன்னே மிதக்கிறது. லென்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிளாஷின் ஒளி அதில் பட்டு நேரே திரும்பி வருகிறது. மிக அருகில் இருப்பதால் தூசு தெளிவாகக் குவியாமல், பரந்த வட்டமாய்ப் பதிகிறது. கமரா சிறுத்து, பிளாஷ் லென்சை நெருங்க நெருங்க இந்தத் தொல்லை கூடும். மழைத்தூறலும் இதே வேலையைச் செய்யும். வீதியில்தான் வெளிச்சம் தாராளமாக இருக்கிறதே; அடுத்த முறை பிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள்.