1,250 ஒன்றாகிப் போன கதை



எங்கள் வானொலியின் நிதி சேகரிப்புக் கணக்கைக் கூட்டுவதற்குப் பேர்ல் மொழியில் சிறு நிரலொன்று எழுதி வைத்திருந்தேன். லறி வோல் என்பவர் 1987இல் வெளியிட்ட மொழி அது. ஒருமுறை கணக்கில் 1,249 டொலர் குறைந்தது. பணம் சேர்த்த ஐயாவை இரண்டொருவர் ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

பிழை என்னுடையது. ஒரு தொகையை '1,250' என்று காற்புள்ளியோடு பதிந்திருந்தேன். பேர்ல் இலக்கங்களை வாசித்துக்கொண்டு போய்க் காற்புள்ளியில் நின்றுவிடும். ஆகவே 1 மட்டுமே கூட்டப்பட்டது. நிரலின் தலைப்பில் 'யூஸ் வோர்னிங்ஸ்' என்ற வரி இருந்திருந்தால், 'இது எண் அல்ல' என்று வரி இலக்கத்தோடு எச்சரித்திருக்கும். 2000இல் வந்த 5.6 பதிப்பிலிருந்தே அந்த வசதி உண்டு. தணிக்கையாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கணக்கு முடித்திருக்கிறேன், நானொரு கணக்காளன்!

இன்னொரு வரி 'யூஸ் ஸ்ட்ரிக்ட்'. அது இல்லாவிட்டால், மாறியின் பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் பேர்ல் அதைப் புது மாறியென்று எடுத்துக்கொண்டு பேசாமல் போகும். இருந்தால், அறிவிக்காத பெயரைக் கண்டதும் நிரலை ஓடவே விடாது. 2022இல் வந்த 5.36 பதிப்பில், 'யூஸ் வி5.36' என்று எழுதினால் இரண்டும் சேர்ந்தே இயங்கும்.

அன்றிரவே இரண்டு வரிகளையும் சேர்த்து ஓட்டினேன். எச்சரிக்கை வந்தது. அதை அச்செடுத்து அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசித்து, ஐயாவிடம் மன்னிப்பும் கேட்டேன். அவர் இன்றைக்கும் என்னிடம் தொகையை எழுத்தில்தான் எழுதித் தருகிறார்.