மொய் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு



கல்யாண மண்டபத்து வாசலில் மேசை போட்டு மொய் எழுதுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நீள நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். ஒருவர் எழுதுவார், பக்கத்தில் இருப்பவர் பணத்தை எண்ணிப் பையில் போடுவார். ஊர், பெயர், தொகை. கடைசிப் பந்தி முடிந்ததும் நோட்டின் கூட்டுத்தொகையும் பையில் இருக்கும் பணமும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பார்கள். அப்புறம் அந்த நோட்டு பீரோவுக்குப் போகும். இருபது வருஷம் கழித்து, மொய் செய்த ஒரு வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால், அதே நோட்டைத் தூசி தட்டி எடுத்து, அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிச் செய்கிறோம். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி ஆவணியில் நடக்கும் மொய் விருந்துகளே இந்த நோட்டின் பலத்தில்தான் நிற்கின்றன.

கணக்கு எழுதுவதில் நமக்கு இருக்கும் தேர்ச்சிக்கு இதைவிடச் சான்று வேண்டாம். கை மாறிய உடனே எழுதுகிறோம். இரண்டு பேர் சேர்ந்து எழுதுகிறோம். எழுதினதை மறுபடி எடுத்துப் பார்க்கிறோம். நல்ல கணக்குக்கு வேண்டிய மூன்று குணமும் மொய் நோட்டில் இருக்கிறது. அதே வீட்டில், மாசம் இருபதாம் தேதி வாக்கில், “சம்பளம் போட்டு இருபது நாள்தானே ஆச்சு, எல்லாம் எங்கே போச்சு?” என்று கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல அந்த வீட்டில் நோட்டு இல்லை.

வீட்டுச் செலவை அன்றன்றைக்கு எழுதி வைக்கும் பழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். முக்கியமாக, கல்யாணம் ஆகி மூன்று நான்கு வருஷம் ஆன, கையில் ஒரு குழந்தையோடு வாடகை வீட்டில் இருக்கும் இளம் குடும்பங்களுக்கு. மிச்சம் பிடிக்கும் யோசனைகளுக்கு இப்போது பஞ்சமே இல்லை. எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும் கிடைக்கும். ஆனால் எந்த யோசனை உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் வீட்டுக் கணக்குதான் சொல்ல முடியும். ஏசியே இல்லாத வீட்டுக்கு ஏசியை 26-இல் வையுங்கள் என்று சொல்லி என்ன பயன்?

“போனிலேயே எல்லாம் பதிவாகிறதே, தனியாக எதற்கு நோட்டு?” என்று கேட்பீர்கள். யுபிஐ வந்தது 2016-இல். அதற்குப் பிறகு பர்ஸ் இளைப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. போனில் இருப்பது பணம் யாருக்குப் போனது என்ற பட்டியல். எதற்குப் போனது என்பது அதில் இருக்காது. ‘சூப்பர் மார்க்கெட், 1,340’ என்று இருக்கும். அந்த 1,340-இல் துவரம்பருப்பு எவ்வளவு, பில் போடும் இடத்தில் குழந்தை கைநீட்டி எடுத்த சாக்லேட் எவ்வளவு என்று இருக்காது. ராத்திரி சாப்பிட்ட பிறகு போனைப் பார்த்து, ஞாபகத்தைக் கூட்டி, நோட்டில் எழுத ஐந்து நிமிஷம் ஆகும். எழுதும்போது அந்தச் செலவை இன்னொரு தரம் பார்க்கிறோம். பழக்கத்தின் பாதிப் பயன் அந்த இரண்டாவது பார்வையில் இருக்கிறது.

ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையின் பக்கம் இப்படி இருக்கலாம். பால் ஒரு லிட்டர். கீரை இரண்டு கட்டு. இட்லி மாவு ஒரு பாக்கெட். கணவருக்கு ஆபீஸ் வாசலில் டீ, இரண்டு தடவை. குழந்தைக்கு டயப்பர் பாக்கெட் ஒன்று. ஆட்டோ. சாயங்காலம் கொத்தமல்லியும் தயிரும் ஆப்பில் வரவழைத்தது; அதற்கு டெலிவரிக் கட்டணம் தனி. தனித்தனியாகப் பார்த்தால் இதில் ஒன்றுகூட ஊதாரித்தனம் இல்லை. மாசக் கடைசியில் ஒரே வரியில் வருகிறவற்றைச் சேர்த்துக் கூட்டும்போது சேதி வேறாக இருக்கும். டெலிவரிக் கட்டணம் மட்டுமே ஒரு மாசத்துப் பால் கணக்கில் கால்வாசி வந்திருக்கலாம். கொத்தமல்லியைக் காலையில் காய்கறி வாங்கும்போதே வாங்கியிருந்தால் போதும். இதற்கு ஒரு வசதியையும் விட வேண்டியதில்லை.

இட்லி மாவைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். இளம் குடும்பங்களின் நோட்டில் தவறாமல் வரும் வரி அது. ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் ஊறவைத்து அரைத்தால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். கடையில் இரண்டு பாக்கெட் வாங்கும் காசு அதற்குப் போதும். ரேஷன் புழுங்கல் அரிசியைப் பாதிக்குப் பாதி கலந்தால் இன்னும் குறையும். இவ்வளவும் சரி. ஆனால் கிரைண்டரைக் கழுவி, அரைத்து, மறுபடி கழுவி வைக்கும் வேலை யாருடையது? கைக்குழந்தையோடு ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிற பெண்ணின் தலையில் அதையும் ஏற்றி, மாசம் முந்நூறு ரூபாய் மிச்சம் என்று எழுதினால், அந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவளுடைய தூக்கத்துக்கு நோட்டில் பத்தி இல்லை என்பதால் அது செலவில்லை என்று ஆகிவிடாது. ஞாயிற்றுக்கிழமை கணவர் கிரைண்டர் பக்கம் போகட்டும்; மூன்று கிலோ மாவு ஃபிரிட்ஜில் புதன், வியாழன் வரை வரும். அவருக்கும் முடியாத வாரத்தில் பாக்கெட் வாங்குங்கள், மனசில் குறை வைத்துக்கொள்ளாமல் வாங்குங்கள்.

ரேஷன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகிப் பல வருஷம் ஆகியும் மனைவியின் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலும், கணவனின் பெயர் அவர் அப்பா கார்டிலுமாக இருக்கும் குடும்பங்கள் நகரங்களில் ஏராளம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று பல வருஷமாகக் கொடுத்து வருகிறார்கள். வெளியில் பருப்பு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். இரண்டு கார்டிலும் பெயர் நீக்கிப் புதுக் கார்டுக்கு விண்ணப்பிப்பது கொஞ்சம் அலைச்சல்தான். ஆனால் ஒரு தடவை அலைந்தால் பல வருஷத்துக்குப் பலன் தரும் வேலை அது.

அடுத்தது கரண்ட். நோட்டு எழுதுகிற வீட்டுக்கும் எழுதாத வீட்டுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இங்கேதான். நம் ஊரில் ரீடிங் எடுப்பது இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை. கட்டணம் படிப்படியாக ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டில் ஒரு பள்ளம் இருப்பது பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு. 500-ஐத் தாண்டிவிட்டால் அதே 100 யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. ஆக, சரியாக 500 யூனிட் ஓட்டினவர் கட்டியது 1,725 ரூபாய். 501 ஓட்டினவர் கட்டியது 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அதற்குப் பின் விலை மாறியிருக்கிறது. இன்றைய விலையைப் போட்டு இதே மாதிரி ஒரு தடவை கணக்குப் பாருங்கள்.

ரீடிங் எடுத்த அன்றைக்கு மீட்டரில் இருக்கும் எண்ணை நோட்டில் குறியுங்கள். வாரா வாரம் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். நாற்பத்தைந்தாம் நாளிலேயே 400 ஓடியிருந்தால், மிச்சம் இருக்கும் பதினைந்து நாளை எப்படி ஓட்டுவது என்று இரண்டு பேரும் பேசி வைக்கலாம். இரண்டு கிலோவாட் கீஸர் தினம் அரை மணி நேரம் எரிந்தால் ஒரு பில்லில் 60 யூனிட். பழைய சீலிங் ஃபேன் 70, 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். தினம் பதினைந்து மணி நேரம் சுற்றும் ஒரு ஃபேனை மாற்றினால் ஒரு பில்லுக்கு 36 யூனிட்டுக்கு மேல் குறையும். குழந்தை தூங்கும் அறையில் ஃபேன் நிற்பதே இல்லை. மாற்றுவதென்றால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். ஹாலில் எப்போதாவது ஓடும் ஃபேனை மாற்றிவிட்டு, பில் குறையவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எது எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்காமல் செய்வதால் வரும் வருத்தம் அது.

கேஸ் கணக்கைப் பல வீடுகளில் ஏற்கெனவே எழுதுகிறார்கள். சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறிக்கிறார்கள் இல்லையா, அதேதான். அதில் 14.2 கிலோ இருக்கிறது. முப்பத்தைந்து நாள் வந்த சிலிண்டர் திடீரென்று இருபத்தெட்டு நாளில் தீர்ந்தால் கசிவு இருக்கிறதா, பர்னர் அடைத்திருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். கொண்டைக்கடலையை முதல் நாள் ராத்திரியே ஊறப்போடுவது, துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊறவைப்பது, சாதமும் பருப்பும் காயும் ஒரே குக்கரில் அடுக்கி வைப்பது, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைப்பது: இதெல்லாம் நம் அம்மாக்கள் செய்ததுதான்.

டயப்பர் விஷயத்திலும் பழைய முறை நன்றாகவே கைகொடுக்கும். பகலில் பாட்டி கிழித்துக் கொடுத்த பழைய வேட்டித் துணி, ராத்திரிக்கும் வெளியே போகும்போதும் மட்டும் டயப்பர் என்று வைத்துக்கொண்டால் பாதிக்குமேல் குறையும், குழந்தைக்கும் காற்றோட்டம். துவைப்பது யார் என்ற கேள்வியை இங்கேயும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கணக்கை ஒரு முறையாகவே வளர்த்தவர்களில் ஜப்பானியர்களைச் சொல்ல வேண்டும். ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904-இல் பெண்களுக்காக ஒரு வீட்டுக் கணக்குப் புத்தகத்தை அச்சிட்டு வெளியிட்டார். கக்கெய்போ என்று பெயர். செலவான பிறகு எழுதுவதோடு அவர் நிற்கவில்லை. இந்த வருஷம் உணவுக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, அதோடு ஒப்பிட்டு எழுதச் சொன்னார். நம்மில் பலர் ஜனவரியில் டைரி வாங்கி, பொங்கலுக்கு முன்பே எழுதுவதை நிறுத்திவிடுவதற்குக் காரணம், எழுதின எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாததுதான் என்று நினைக்கிறேன்.

முன்கூட்டி வகுப்பது என்றால் முதலில் எழுத வேண்டியது வருஷத்துக்கு ஒரு தடவை வரும் செலவுகள். ஜூனில் பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ், வண்டி சர்வீஸ், தீபாவளித் துணி, ஊர்த் திருவிழாவுக்குப் போய்வரும் பஸ் டிக்கெட். அப்புறம், பழைய மொய் நோட்டைப் பார்த்து இந்த வருஷம் திருப்பிச் செய்ய வேண்டியவை. இதெல்லாம் திடீர்ச் செலவு என்று சொல்லி நகையை அடகு வைக்கிறோம். எல்லாமே தேதி தெரிந்த செலவு. மொத்தத்தையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். வரும் தொகையைச் சம்பளம் வந்த மறுநாளே வங்கியில் ஒரு வருஷ ஆர்டியில் போடுங்கள். ஐந்து வருஷம் காத்திருக்க முடிகிற பணத்துக்குத் தபால் அலுவலக ஆர்டி இருக்கிறது, மாசம் நூறு ரூபாயிலிருந்து தொடங்கலாம். தெருவில் நடக்கும் தீபாவளிச் சீட்டைவிட இதையே நான் சொல்வேன். சீட்டு நடத்துவதற்கென்று 1982-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற நிறுவனமா என்று கேட்காமல், தெரிந்தவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பணம் கட்டுவது கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு குறையும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஒருவர் எழுதி, மற்றவர் கேள்வி கேட்கிற நோட்டாக அது மாறிவிட்டால் வீட்டில் நிம்மதி போய்விடும். “இந்த எண்பது ரூபாய் எதுக்கு?” என்று நாலு தடவை கேட்டால் ஐந்தாவது தடவை அந்த எண்பது நோட்டில் ஏறாது, கடுகு டப்பாவுக்குள் போய்விடும். பெண்களுக்குக் கணக்கு வராது, அதனால்தான் கேட்கிறேன் என்பவர்கள் தருமபுரியைப் பார்க்கட்டும். 1989-இல் அங்கே மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியபோது கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டிருந்த பெண்கள்கூட வாரச் சேமிப்பையும் கடனையும் கறாராகக் கணக்கு வைத்தார்கள். அந்தப் பேரேடு குழுவில் எல்லோருக்கும் பொது. யாரும் எடுத்துப் பார்க்கலாம். வீட்டு நோட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும். கணவரின் டீயும் மனைவியின் ஆட்டோவும் ஒரே பக்கத்தில் வரட்டும். இரண்டு பேருக்கும் மாசம் ஒரு சிறு தொகையைக் கேள்வி இல்லாத பணம் என்று ஒதுக்கி, அதை நோட்டில் ‘அவருக்கு’, ‘எனக்கு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள்.

தொடங்க நினைப்பவர்களுக்கு: முதல் மாசம் எதையும் குறைக்காதீர்கள். இருக்கிறபடி எழுதுங்கள், அவ்வளவுதான். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குழந்தை தூங்கின பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்டுங்கள். அடுத்த மாசத்துக்கு ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆறேழு மாசத்துக்குப் பிறகு கீரைக்கட்டு வரை எழுத வேண்டியிருக்காது. மீட்டர் எண், சிலிண்டர் தேதி, மளிகை மொத்தம், ஆர்டி, இந்த நான்கும் போதும். வருமானம் மாறும்போது, வீடு மாறும்போது, இரண்டாவது குழந்தை வரும்போது மறுபடி ஒரு மாசம் முழுசாக எழுதிக்கொள்ளலாம்.