சுவாசப்பைக்குச் செல்லுங் குருதியை அளத்தல்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



உடம்பை இறைவன் உறையும் ஆலயமாகப் போற்றும் மரபிலே வந்தவர்கள் நாம். அவ்வாலயத்தினுள்ளே ஓயாது பாயும் ஓர் ஆற்றைப் பற்றி இன்று சிந்திப்போம்.

இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து சுவாசப்பைக்குக் குருதியைக் கொண்டு செல்வது சுவாசப்பை நாடி. வளர்ந்த ஒருவர் ஓய்வாயிருக்கையில், நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் குருதி இதனூடே பாய்கின்றது. உடல் முழுவதற்குஞ் செல்லும் அளவும் ஏறத்தாழ அதுவே. இதயச் சுவரிலே பிறவித் துளை இருப்பின் இச்சமநிலை கெட்டு, சுவாசப்பைக்கு மிகுதியாகக் குருதி செல்லக்கூடும். அது உடலுக்குச் செல்வதிலும் ஒன்றரை மடங்கை எட்டினால், துளையை மூடுவது பற்றி வைத்தியர்கள் ஆராய்வர். காலந் தாழ்த்தினாற் சிலரிற் சுவாசப்பை நாடிகள் தடித்து, அமுக்கம் ஏறி, துளையை மூடவும் இயலாத நிலை வந்துவிடும். ஆகவே இவ்வளவை உரிய காலத்தில் அறிதல் ஒரு பிள்ளையின் வாழ்வைக் காத்தலாகும்.

முன்னாளில் இதற்கு உடலினுட் குழாய் செலுத்த வேண்டியிருந்தது. 1929இல் ஜேர்மன் வைத்தியர் வேர்னர் போர்ஸ்மான் தம் கை நாளத்தினூடே தம் இதயம் வரை குழாயொன்றைச் செலுத்தி வழிகாட்டினார். 1956இல் அவரும் குர்னான், ரிச்சட்ஸ் ஆகியோரும் நோபெல் பரிசு பெற்றனர். இதனிடையே 1953இல், சுவீடனில் எட்லர் என்ற வைத்தியரும் ஹேர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளரும், உலோகத்தைச் சோதிக்கும் கருவியை இரவல் பெற்று, இதயத்தின் அசைவை வெளியிலிருந்தே ஒலியலையாற் பதிவு செய்தனர்.

இன்று எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படக்கருவி குருதியின் வேகத்தையே காட்டுகின்றது. குருதியின் நீரிலுள்ள ஐதரசன் கருக்கள் காந்தப்புலத்திலே பம்பரம் போலச் சுழல்வன. புலத்தின் வலிமையை இடத்துக்கிடம் வேறுபடுத்தினால், ஓடுங் கருக்களின் சுழற்சி, அசையாத கருக்களினதினும் முந்தும் அல்லது பிந்தும். வேகம் கூட அவ்வேறுபாடுங் கூடும். வாய்க்காலின் அகலம், ஆழம், நீரின் வேகம் மூன்றையுங் கொண்டு கமக்காரர் பாயும் நீரைக் கணிப்பது போல, நாடியின் குறுக்குப் பரப்பையும் வேகத்தையும் பெருக்கிக் குருதியின் அளவைக் காண்கின்றனர். இதில் எக்ஸ் கதிரில்லை, குழாயுமில்லை. எனினும் நாடியின் அமுக்கத்தை நேரே அளந்து உறுதிசெய்ய இன்றுங் குழாயே வேண்டும்.

பெரியோர்களே, படியேறுகையில் மூச்சிரைத்தால் வயதின் குற்றமென்று வாளாவிருத்தல் வேண்டாம். விளையாட்டிற் களைக்கும் பிள்ளையைச் சோம்பேறியென்று ஏசவும் வேண்டாம்; வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இளைஞர்களே, பௌதிகம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. உயிர் காப்பதற்கும் உரியது. அவ்வெண்ணத்தோடு கற்போம்.