கதையும் வாய்மையும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மாணவர்கள் தம் தொழில் எண்ணத்தைக் கதையாக எடுத்துரைப்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். ஆலய விழாவில் வணிகப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆதிபகவன் விருஷபதேவர் மக்களுக்கு வாழும் வழியாகக் காட்டிய தொழில்கள் ஆறு. அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிஜ்யம், சில்பம் என்பன அவை. வாணிகம் அவ்வாறனுள் ஒன்று. ஆதலின் இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

இன்று கல்லூரிதோறும் தொழில் முனைவோர் போட்டிகள் நடைபெறுகின்றன. 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘நான் முதல்வன்’ போன்ற அரசுத் திட்டங்களும் மாணவரின் திறனை வளர்க்க முனைகின்றன. நால்வரோ ஐவரோ ஒரு குழுவாகச் சேர்ந்து, நடுவர்முன் நின்று, ஐந்து மணித்துளிகளில் தம் திட்டத்தை விளக்க வேண்டும். இதனையே இளைஞர்கள் ‘பிட்ச்’ என்கின்றனர். நான் முப்பது ஆண்டுகள் வங்கியில் கடன் பிரிவில் பணியாற்றியவன். கடன் கேட்டு வந்தோர் சொன்ன கதைகளைக் கேட்டே தலை நரைத்தவன். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் நம் சமூகத்து மாணவர் நால்வர் சென்ற ஆண்டு என்னிடம் வந்தனர்.

அவர்களுடைய எண்ணம் எளியது. சென்னையில் விடுதிகளில் தங்கிப் படிப்போரும் அலுவலகங்களில் பணிபுரிவோருமான நம் இளைஞர்களுக்கு, ஞாயிறு மறையுமுன் கிழங்கு வகைகள் சேராத உணவைக் கொண்டு சேர்ப்பது. முதல் ஒத்திகையில், இந்தியாவின் உணவுச் சந்தை எத்தனை ஆயிரம் கோடி என்று தொடங்கினர். வண்ண வண்ணமாக இருபது ஸ்லைடுகள் ஓடின. கேட்ட எனக்கு ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை. “இந்த உணவு யாருக்கு? ஒரே ஒருவரைச் சொல்லுங்கள்” என்றேன்.

நெடுநேரம் எவரும் பேசவில்லை. பின்னர்க் குழுவில் இளையவளான பெண் பேசினாள். “எனக்குத்தான் ஐயா. விடுதியில் இரவுச் சாப்பாடு ஏழரை மணிக்குத்தான் தருவார்கள். மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். காலையில் எடுத்து வைத்த இரண்டு இட்லியை ஐந்தரைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். தோழிகள் கேட்டால் பசியில்லை என்பேன். இரவில் அம்மா தொலைபேசியில் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். சாப்பிட்டேன் என்பேன்.”

அக்கணமே அவர்களுடைய திட்டம் எனக்குப் புரிந்தது. இருபது ஸ்லைடுகள் செய்யாததை அந்த மாடிப்படி செய்தது.

இது நமக்குப் புதிதன்று. நம் ஆகமங்களை நான்கு அநுயோகங்களாக வகுத்த முன்னோர், சரிதங்களையும் புராணங்களையும் கொண்ட பகுதிக்குப் பிரதமாநுயோகம் என்றே பெயரிட்டனர். உலக அமைப்பும் ஒழுக்கமும் தத்துவமும் அதன் பின்னரே வருகின்றன. திருத்தக்கதேவரும் தோலாமொழித்தேவரும் வாமன முனிவரும் அறத்தைக் கதையின் வழியாகவே தமிழருக்குத் தந்தனர். திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். தீர்த்தங்கரர் சரிதம் கட்டம் கட்டமாகத் தீட்டப்பெற்றிருக்கிறது. ஓவியத்தின் கீழே சிறு குறிப்பு. நம் பிள்ளைகள் ‘ஸ்லைடு’ என்பதும் ஏறத்தாழ அதுதான்.

அன்று நான் அக்குழுவினர்க்குச் சொன்ன முறையை இங்கும் சொல்கிறேன். முதலில் ஒரு மனிதர்; பெயரும் வயதும் இடமும் உடையவர். அடுத்து, அவர் நாள்தோறும் படும் ஓர் இடர். மூன்றாவது, உங்கள் முயற்சியால் அவருடைய நாளில் ஏற்பட்ட மாறுதல். நான்காவது, இதுவரை நீங்கள் செய்து பார்த்ததும் அதற்கான கணக்கும். இறுதியாக, கேட்போரிடம் நீங்கள் வேண்டுவது என்ன என்பது. சந்தையின் அளவைச் சொல்லலாம். ஆனால் அந்த ஒருவரைக் கண்ட பிறகே சொல்ல வேண்டும். குழுவில் எல்லாரும் பேச வேண்டுமென்பதில்லை. அக்கதையை வாழ்ந்தவர் கதையைச் சொல்லட்டும். கணக்கைப் போட்டவர் கணக்கைச் சொல்லட்டும்.

இவ்வளவும் நன்றாகவே சொல்லிக் கொடுத்தேன். இதன்பின் நான் செய்த பிழையை இவ்வவையில் மறைக்கலாகாது.

சோதனை முயற்சியாக அவர்கள் ஒரு மாதம் உணவு அளித்தது பதினொருவருக்கு. போட்டிக்கு முதல்நாள், “பதினொன்று என்றால் நடுவர் மதிக்கமாட்டார்கள், நாற்பது என்று சொல்லுங்கள், எப்படியும் நாற்பது ஆகத்தானே போகிறது” என்று கூறியவன் நான்தான். மறுநாள் அவ்வாறே சொன்னார்கள். நடுவருள் ஒருவர், “அந்த நாற்பது பேரின் பதிவேட்டைக் காட்ட முடியுமா?” என்று கனிவாகவே கேட்டார். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். அச்சுற்றோடு வெளியேறினோம்.

திரும்பி வரும் ரயிலில் அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்: “ஐயா, மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டது உண்மைதானே. நாற்பது பொய்யென்று தெரிந்த பிறகு அவர்கள் அதையும் நம்பவில்லை.”

எனக்கு விடை இல்லை. என் அறிவுரையால் அவள் இழந்தது பரிசை மட்டுமன்று, தன் கதையையும்தான்.

வீடு திரும்பியதும் உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களும் அவற்றுக்கு நேரும் அதிசாரங்களும் அங்கே நிரலாகச் சொல்லப்படுகின்றன. பொய்யாமைக்கு நேரும் குற்றங்களுள் ஒன்று கூடலேகக் கிரியை. அதாவது பொய்யான எழுத்தை ஆக்குதல். கள்ளாமைக்கு நேரும் குற்றங்களுள் ஒன்று ஹீனாதிக மானோன்மானம். அளவையும் நிறையையும் கூட்டியும் குறைத்தும் காட்டுதல். பதினொன்றை நாற்பது என்றது இவ்விரண்டிலும் அடங்கும். அதனை வெறும் மிகைப்பேச்சு என்றே எண்ணியிருந்தேன். கேட்பவர் அந்த எண்ணை நம்பித் தம் பணத்தைத் தருகிறார். அங்கே எண்ணே படிக்கல். கள்ளப்படி வைத்து அளந்த கடைக்காரனுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

இப்பிழை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். எலிசபெத் ஹோம்ஸ் என்னும் பெண் 2003இல் தம் பத்தொன்பதாம் வயதில் தெரானோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். விரல் நுனியிலிருந்து எடுக்கும் சில துளி இரத்தத்தைக் கொண்டே பற்பல பரிசோதனைகளைச் செய்துவிடலாம் என்றார். புற்றுநோய்க்கு ஆளான தம் மாமன் ஒருவரின் கதையை மேடையில் உருக்கமாக எடுத்துரைத்தார். கேட்டோர் நெகிழ்ந்தனர். நிறுவனத்தின் மதிப்பு ஒரு காலத்தில் 900 கோடி டாலரை எட்டியது. ஆனால் அக்கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை. 2015இல் நாளிதழ் ஒன்று அதனை வெளிப்படுத்தியது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக 2022இல் அவருக்குப் பதினோராண்டுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பெற்றது. அவருக்குக் கதை சொல்லும் திறனில் குறைவில்லை. சொல்லுக்கும் கருவிக்கும் இடையே இருந்த இடைவெளியே அவரை வீழ்த்தியது.

இதற்கு மாறாகக் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தை நினையுங்கள். மாதவிடாய்க் காலத்தில் தம் மனைவி பழந்துணியைப் பயன்படுத்துவதைக் கண்டு, குறைந்த செலவில் அணையாடை செய்யும் எந்திரத்தை உருவாக்கியவர் அவர். தம் தோல்விகளையும், ஊரார் நகைத்ததையும், மனைவி பிரிந்து சென்றதையும் ஒளிக்காமல் மேடையில் சொல்கிறார். தோல்வியைச் சொல்வதனால் அவர் கதை வலிமை குன்றவில்லை, அதனாலேயே நம்பத்தக்கதாகிறது. 2016இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

அவ்வாறாயின், இன்னும் நிகழாத எதிர்காலத்தைப் பற்றி வணிகன் பேசவே கூடாதா என்று ஓர் இளைஞர் கேட்கக்கூடும். பேசலாம். அதற்கு நம் சமயமே ஒரு முறையைத் தந்திருக்கிறது. ஸ்யாத்வாதம் எந்தக் கூற்றையும் அதற்குரிய நிலையோடு சேர்த்துச் சொல்லப் பழக்குகிறது. ‘இந்தப் பகுதியில், இந்த விலையில், இத்தனை பேர் சேர்ந்தால், நாற்பது பேருக்கு எங்களால் உணவளிக்க இயலும்’ என்பது பொய்யன்று. ‘நாற்பது பேருக்கு அளிக்கிறோம்’ என்பதே பொய். உள்ளதை உள்ளதாகவும், விரும்புவதை விருப்பமாகவும் பிரித்துச் சொல்லத் தெரிந்த குழுவை நடுவர் மதிப்பர். கடன் மேசையில் அமர்ந்திருந்தவன் என்ற முறையில் இதனை உறுதியாகச் சொல்வேன்.

அக்குழு சில மாதங்களுக்குப் பின் வேறொரு போட்டிக்குச் சென்றது. இம்முறை நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் மாடிப்படியில் தொடங்கினாள். பின்னர் வணிகவியல் படிக்கும் மாணவன் எழுந்து, “பதினொருவருக்கு உணவளித்தோம், அவருள் மூவர் விலகிவிட்டனர். இரண்டு நாள் போக்குவரத்து நெரிசலால் பொழுது சாய்ந்த பிறகே உணவு சென்று சேர்ந்தது. அவர்கள் அதை உண்ணவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்” என்றான். முதற்பரிசு கிடைக்கவில்லை. ஆயினும் நடுவருள் ஒருவர் விழா முடிந்ததும் அவர்களோடு ஒரு மணிநேரம் அமர்ந்து, எந்த விடுதிக்கு முதலில் செல்வது, எப்போது சமைத்து முடிப்பது என்று வழித்தடத்தைத் தாமே வரைந்து கொடுத்தார். இன்று இருபத்தாறு பேர் பொழுது சாயுமுன் உண்கின்றனர். இருபத்தாறு, கூட்டிச் சொல்லவில்லை.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் இத்தகைய போட்டிக்குச் செல்லுமுன் வீட்டில் ஒருமுறை பேசிக் காட்டச் சொல்லுங்கள். பாட்டிக்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால் எவருக்கும் விளங்கும். கேட்டு முடிந்ததும், “இதில் எது நடந்தது, எது நடக்க வேண்டும் என்று நினைக்கிறாய்?” என்று மட்டும் கேளுங்கள்.

திருக்குறளில் சொல்வன்மை என்னும் அதிகாரம் அறுபத்தைந்தாவதாக நிற்கிறது. வாய்மை என்னும் அதிகாரம் முப்பதாவது. வாய்மையைக் கடந்துதான் சொல்வன்மைக்கு வர வேண்டியிருக்கிறது. நான் வரிசையை மாற்றிச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு சிறு பெண் என்னைத் திருத்தினாள். நம் பிள்ளைகள் நல்ல கதைகளைச் சொல்லட்டும். அவை நிகழ்ந்த கதைகளாக இருக்கட்டும்.